கால் நிற்காத ஊர்

அவர் ஓடும்போது கை ஆடாது. மற்றவர்கள் ஓடினால் கை முன்னும் பின்னும் போகும், தோள் குலுங்கும், தலை இரண்டு பக்கமும் சாயும். அவருக்கு இடுப்புக்கு மேலே ஒன்றும் அசையாது. கால் மட்டும் தனி வேலையாக ஓடிக்கொண்டிருக்கும். தூரத்தில் பார்த்தால் சைக்கிளில் வருகிறவர் மாதிரி தெரியும். கிட்டே வந்தால்தான் சைக்கிள் இல்லை என்பது தெரியும்.

அதற்குக் காரணம் ஒரு தூக்குச்சட்டி. அதிலிருந்துதான் அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்க வேண்டும். பெயரை நான் எழுதப் போவதில்லை. நீங்கள் இருவரும் பெரியவர்களாகி எங்கேயாவது அவர் மகளைப் பார்க்க நேர்ந்தால், எங்கள் அப்பா இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார் என்று சொல்லிவிடக் கூடாது. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததைவிட எனக்குத் தெரிந்தது குறைவு.

மதுரையில் ஒரு நூல் மில்லில் நானும் அவரும் ஒரே பகுதியில் வேலை பார்த்தோம். எனக்கு இருபத்து மூன்று வயது. அவருக்கு முப்பத்தைந்து இருக்கும். அவர் வீடு காளவாசலுக்கு மேற்கே, மில்லோ ஊரின் மறுகோடியில். நடுவில் டவுன் பஸ் ஓடியது. அந்த பஸ்ஸில் அவர் ஏற மாட்டார். நான் மில்லில் சேருவதற்குப் பல வருடங்களுக்கு முன்னால், அவர் தூக்குச்சட்டியில் கருவாட்டுக் குழம்பு கொண்டுபோயிருக்கிறார். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சட்டிய வெளிய நீட்டிக்கிட்டு வாய்யா, வண்டி பூரா நாறுது" என்று சொன்னாராம். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். இவர் எழுந்து, "இனி இந்த பஸ்ல ஏற மாட்டேன்" என்றார். "ரொம்ப சந்தோசம்" என்றார் கண்டக்டர். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் கண்டக்டர் அதை மறந்திருப்பார். இவர் மறக்கவில்லை. மறுநாளிலிருந்து தூக்குச்சட்டியைத் துண்டில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டு மில்லுக்கு ஓடினார். முதல் ஆறு மாதம் பனியனெல்லாம் குழம்பு. பிறகு ஒரு சொட்டு சிந்தவில்லை. உடம்பை ஆட்டாமல் ஓடக் கற்றுக்கொண்டார். மில்லில் அதற்கு 'குழம்பு சிந்தாத ஓட்டம்' என்றே பேர்.

அவருக்குக் கோபம் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கோபக்காரரே இல்லை. ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் அதற்குள்ளேயே அடைபட்டுக் கிடப்பார், அவ்வளவுதான்.

மில் வாசலில் ஒரு டீக்கடை இருந்தது. ஒருநாள் கிண்டலாக, "இந்த டீயக் குடிக்கிறதுக்கு மாட்டுத் தொட்டியில வாய வைக்கலாம், இனி இந்தக் கடைப்பக்கம் வந்தா என்னான்னு கேளு" என்று சொல்லிவிட்டார். டீ மாஸ்டரே விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் நாங்கள் எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம், இவர் சாலைக்கு எதிர்ப்பக்கம் பாலக்கட்டையில் போய் உட்கார்ந்துகொண்டார். மாஸ்டர் சாலையைக் கடந்து போய்க் கூப்பிட்டார்.

"அண்ணே, வெளாட்டுக்குச் சொன்னதுதானே. வாங்கண்ணே."

"வெளாட்டுக்குத்தான் சொன்னேன். ஆனா சொல்லிட்டேன்ல."

"அப்ப டீய இங்க கொண்டாந்து தாரேன்."

"டீ அங்கிட்டுப் போட்டதுதானே?"

வருடக்கணக்கில் அப்படித்தான். நாங்கள் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். நடுவில் லாரி போகும், மாட்டுவண்டி போகும். நாங்கள் ஏதாவது பேசிச் சிரித்தால் அங்கிருந்து, "என்னாப்பா, எனக்கும் சொல்லுங்க" என்று சத்தம் போடுவார். சிலசமயம் சொல்வோம். சிலசமயம் லாரிச் சத்தத்தில் விட்டுவிடுவோம். அவர் கேட்டது போலவே தலையை ஆட்டிக்கொள்வார்.

அந்த வயதில் எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்தது. சொன்ன சொல் தவறாத மனுஷன் என்று வெளியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் தூக்குச்சட்டியில் சோறு குழைந்து களியாகக் கிடந்தது. "அண்ணி ஊருக்குப் போயிருக்காங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"போயி அஞ்சு வருசமாச்சு" என்றார்.

பிறகு சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அவர் மனைவியின் ஊர் அழகர்கோவில் போகும் சாலையில் இருக்கிறது. ஊருக்கு இந்தப் பக்கம் ஒரு கால்வாய்ப் பாலம், அந்தப் பக்கம் ஒரு புளியமரம். நடுவில் சாலையின் இருபுறமும் வீடுகள், ஒரு பர்லாங்கு தூரம்கூட இராது. மகளுக்கு அங்கேதான் காது குத்தினார்கள். பந்தியில் இவர் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மாமனாரின் தம்பி வந்து, "மாப்பிள்ளை, வெளியூர் ஆளுக வந்துட்டாக. நீங்க நம்ம வீட்டு ஆளுதானே, அடுத்த பந்தியில உக்காருங்க" என்று எழுப்பியிருக்கிறார். அவர் நல்லெண்ணத்தில் சொன்னதாகக்கூட இருக்கலாம். இவர் எழுந்தார். வாசலில் வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, "இனி இந்த ஊர்ல என் கால் நிக்காது" என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பிவிட்டார்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாது. பொறந்த வீட்டில் தங்கிவிட்ட பெண்ணைப் புருஷன் நேரில் வந்து, வாசலில் நின்று கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிடாமல் அவளாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் காலத்துக்கும் பேச்சு. அந்த அம்மா காத்திருந்தார். இவர் போகவில்லை. போனால் கால் நிற்குமே.

"நான் போய்க் கூப்பிட்டு வாரேண்ணே" என்றேன்.

"அவ என்னையத்தானேடா கட்டுனா?"

"பாலத்துக்கு இங்கிட்டு நின்னு கூப்புடுங்க."

"வாசல் பாலத்துலயா இருக்கு?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு முதல்முறையாக எனக்கு அவரைப் பார்த்துக் கொஞ்சம் பயம் வந்தது. ஒரு வயதில் விட்டுவந்த பிள்ளைக்கு ஆறு வயது ஆகியிருந்தது. அதன் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

எழுபதுகளின் கடைசியில் மில் பலகையில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஏதோ ஒரு விளையாட்டுச் சங்கம் மதுரையில் பெரிய ஓட்டம் வைக்கிறது. தல்லாகுளத்தில் தொடங்கி அழகர்கோவில் போய், மலைப்பாதையில் கொஞ்ச தூரம் ஏறி, அதே வழியில் திரும்ப வேண்டும். போக வர இருபத்தாறு மைல். அப்போதெல்லாம் எங்களுக்கு மாரத்தான் என்றால் என்னவென்று தெரியாது. கூட்டத்தில் நின்று அதை வாசித்துவிட்டு இவர் என்னைக் கேட்டார்.

"மாப்ள, அந்த ரோடு வழியாவா போகுது?"

"அழகர்கோவிலுக்கு வேற ரோடு ஏதுண்ணே?"

"நடுவுல எங்கயாச்சும் நிக்கணுமா?"

"ஓட்டப் பந்தயத்துல எவன்ணே நிக்கச் சொல்லுவான்?"

பேர் எழுதுகிற இடத்தில் முதல் ஆளாகப் போய் நின்றார். அவர் கேட்டதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானும் பேர் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் ஓடியிருக்கிறேன் என்பது ஒரு காரணம். அவரைத் தனியாக அனுப்ப மனம் இல்லை என்பது இன்னொன்று.

வேலை முடிந்து சாயங்காலங்களில் காளவாசலிலிருந்து மேற்கே நாகமலை வரை ஓடிப் பழகினோம். மேட்டில் ஏற நெஞ்சு வாய்க்கு வந்துவிடும் எனக்கு. அவருக்குத் தூக்குச்சட்டி இல்லாமல் ஓட வரவில்லை. வயிற்றில் வெறும் துண்டையாவது கட்டிக்கொள்வார். வழியெல்லாம் பேச மாட்டார். ஒருநாள் மட்டும், "ஓடுறப்ப முகத்தத் திருப்பிப் பாத்தா தடுமாறுமா மாப்ள?" என்று கேட்டார். கொஞ்சம் தடுமாறும் என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தலையை இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பி வைத்துக்கொண்டு ஓடிப் பழகினார். தெருவில் இருந்தவர்கள், "என்னாண்ணே, கழுத்து சுளுக்கா?" என்று கேட்டார்கள்.

ஓட்டத்தன்று வெளிச்சம் வந்ததும் கிளப்பிவிட்டார்கள். நாற்பது பேர் இருப்போம். போலீஸ் பையன்கள், கல்லூரிப் பையன்கள், மில்காரர்கள். பாதிப் பேருக்கு கேன்வாஸ் ஷூ, எங்களுக்கு வெறுங்கால். முதல் மூன்று நான்கு மைல் ஊர்வலம் மாதிரி பேசிக்கொண்டே போனோம். பிறகு பேச்சு நின்றது. கூட்டம் நீண்டு, பிய்ந்து, ஒவ்வொருவரும் தனித்தனியாக ஆகிவிட்டோம். முன்னால் போகிறவர் முதுகு சின்னதாகத் தெரியும். பின்னால் வருகிறவர் காலடி கேட்காது. இருபக்கமும் வயல், தூரத்தில் மலை. நான் அதுவரை அப்படித் தனியாக இருந்ததே இல்லை. வீட்டில் எட்டுப் பேர், மில்லில் நூறு பேர். அந்தச் சாலையில் என் மூச்சு எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. இவர் தினமும் காலையில் இப்படித்தான் வருகிறார் என்று அப்போது நினைத்தேன்.

இதற்கிடையில் வழியில் உள்ள ஊர்க்காரர்கள் ஒரு தப்புப் பண்ணிவிட்டார்கள். அழகர் சாலையில் யாராவது கூட்டமாக வந்தால் அது வேண்டுதல்தான் என்பது அவர்கள் கணக்கு. சித்திரையில் அழகர் மதுரைக்கு வரும்போது பந்தல் போட்டுத் தண்ணீர் கொடுப்பார்கள், நேர்த்திக்கடன் செலுத்த வருகிறவர்கள் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆட்கள் ஓடி வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் குடங்களோடு வந்து நின்றுவிட்டார்கள். ஷூ போட்டவர்கள் பாடு திண்டாட்டம். ஊற்றிய தண்ணீரெல்லாம் ஷூவுக்குள் இறங்கிச் சளக் சளக் என்று சத்தம். ஜீப்பில் வந்த சங்கத்துக்காரர் ஒருவர் இறங்கிக் கெஞ்சினார்.

"ஆத்தா, இது வேண்டுதல் இல்ல, போட்டி. தண்ணி ஊத்தாதீங்க."

"போட்டிக்கு எதுக்குய்யா அழகர் மலைக்கு ஓடுறீக? உங்க தெருவுக்குள்ளேயே ஓடலாம்ல?" என்றார் குடம் வைத்திருந்த பெரியம்மா ஒருவர்.  சங்கத்துக்காரர் காலுக்கும் ஒரு சொம்பு ஊற்றினார்கள்.

அந்தக் கால்வாய்ப் பாலம் வந்தது. இவர் எனக்கு ஐம்பது அடி முன்னால் போனார். பழகியதெல்லாம் வீணாயிற்று. பாலத்தில் ஏறியதும் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். இடப்பக்கமும் பார்க்கவில்லை, வலப்பக்கமும் பார்க்கவில்லை. யாரும் தண்ணீர் ஊற்ற முடியாத வேகத்தில் ஊரைக் கடந்தார். பின்னால் வந்த என் காதில் ஒரு பெண் குரல் விழுந்தது. "அந்தா போறாரு பாருடி உன் வீட்டுக்காரரு." பதில் சொன்ன குரல் கேட்கவில்லை.

அழகர்கோவில் வாசலில் இன்னொரு வேடிக்கை. பதினெட்டாம்படிக் கருப்பசாமி கதவுக்கு முன்னால் செருப்போடு யாரும் போக மாட்டார்கள். அந்தக் கதவுக்கு முன்னால் பொய்ச் சத்தியம் பண்ணியவன் தப்பித்ததாக எங்கள் பக்கத்தில் கதை கிடையாது. எங்களுக்கு முன்னால் வந்த ஒரு போலீஸ் பையன் ஓட்டத்தை நிறுத்தி, குனிந்து, ஈரத்தில் இறுகிப்போன ஷூ முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நாங்கள் வெறுங்காலோடு கும்பிட்டுவிட்டு அவனைத் தாண்டினோம். இவர் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நின்றார். நான் காத்திருந்தேன்.

மலைப்பாதையில் ஏறும்போது கேட்டேன். "என்னண்ணே வேண்டுனீங்க?"

"சொன்ன சொல்ல விட்டுடலாமான்னு கேட்டேன்."

"சாமி என்ன சொல்லுச்சு?"

"கதவு சாத்தியிருக்கு மாப்ள."

அந்தக் கதவு எப்போதும் சாத்தித்தான் இருக்கும். அதற்கு மேல் பேச எனக்கு மூச்சு இல்லை. ஏற்றத்தில் தொடை தனியாக எரிந்தது. மரத்திலிருந்த குரங்குகள் நாங்கள் ஏதாவது கொண்டுவந்திருக்கிறோமா என்று பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. திரும்புகிற இடத்தில், வந்து போனதற்கு அடையாளமாக ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு சிவப்புக் கயிறு கட்டினார்கள். ஏறுவதைவிட இறங்குவது கொடுமை என்பது அன்றைக்குத் தெரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி இருந்தது. அடிவாரத்துக்கு வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. தார் சுட்டது.

சிவப்புக் கயிறுதான் எல்லாவற்றையும் மாற்றியது. போகும்போது எங்கள் கை வெறுங்கை. வரும்போது காப்புக் கட்டியிருந்தது. இனி எந்தச் சங்கத்துக்காரர் சொன்னாலும் ஊர்க்காரர்கள் நம்பப் போவதில்லை. மலைக்குப் போய்க் காப்புக் கட்டி வருகிறார்கள், சாமி இவர்கள் மேல் இருக்கிறது என்று சாலையை மறித்தே நின்றுவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளைக் கொண்டு காலைக் கழுவச் சொன்னார்கள்.

புளியமரம் தெரிந்தபோது நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் வந்துகொண்டிருந்தோம்.

"தண்ணி குடுத்தா வாங்கலாம்ல மாப்ள?"

"வாங்கலாம்ணே."

"ஓடிக்கிட்டேதான்."

"சரி, ஓடிக்கிட்டேதான்."

ஊருக்கு நடுவில் ஒரு சிறுபெண் சொம்போடு சாலையின் குறுக்கே நின்றது. பாவாடையை ஒரு பக்கம் தூக்கிச் செருகியிருந்தது. காதில் சின்னத் தோடு. பின்னால் சாலையோரத்தில் ஒரு பெண் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் யாரென்று தெரிந்தது. ஒதுங்கிப் போக இவருக்கு வழி இருந்தது. போகவில்லை. பிள்ளைக்கு முன்னால் வந்து, அந்த இடத்திலேயே ஓட ஆரம்பித்தார். முன்னாலும் போகவில்லை, நிற்கவும் இல்லை. வலதுகால், இடதுகால், வலதுகால், இடதுகால். இருபது மைல் ஓடிவந்த கால் தட்தட்டென்று தாரில் விழுந்தது. கண் மட்டும் பிள்ளையின் முகத்தைவிட்டு எடுக்கவில்லை.

பிள்ளை சொம்பைச் சாய்த்தது. தண்ணீர் கால் இருந்த இடத்தில் விழுந்தது, கால் அதற்குள் மேலே போய்விட்டது.

"நில்லுங்க மாமா, தண்ணி சிந்துது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "சாமி இன்னும் எறங்கலடி, ஆடுது" என்றார் யாரோ. அடையாளம் தெரிந்த பெரியவர் ஒருவர், "ஏப்பா, அஞ்சு வருசமாகியும் உன் வீம்பு எறங்கலையா? பிள்ளைக்காகவாவது செத்த நேரம் நில்லுப்பா" என்றார். இவர் காதில் எதுவும் விழவில்லை.  நிற்க வேண்டும் என்று உடம்பு கெஞ்சியது. சொன்ன சொல் விடவில்லை.

"அவரு நிக்க மாட்டாரு" என்றார் அந்த அம்மா பின்னாலிருந்து. குரலில் கோபம் இல்லை. "நீ ஊத்து."

பிள்ளை மண்டிபோட்டு, ஒரு கால் இறங்கும்வரை காத்திருந்து, இறங்கியதும் கொஞ்சம் ஊற்றியது. அடுத்த கால் இறங்கியதும் கொஞ்சம். அதற்கு அது விளையாட்டாகிவிட்டது. சிரிக்க ஆரம்பித்தது. அவரும் சிரித்தார். சொம்பு காலியாகிறவரை இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு அவர் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போனார்.

என் காலைக் கழுவ ஒரு பாட்டி பிடித்துக்கொண்டதால் நான் நின்றுவிட்டேன். பிள்ளை தன் அம்மாவிடம் போய்க் கேட்டது காதில் விழுந்தது.

"அந்த மாமா ஏன்மா குதிச்சுக்கிட்டே இருந்தாரு?"

"அது மாமா இல்ல" என்றார் அந்த அம்மா. சொம்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. வாசல்வரை போய், "அண்ணி, நான் அவர்கூட வேலை பாக்குறவன். பாலத்துக்கு அங்கிட்டு ஒரு எட்டு வந்தீங்கன்னா அவரு நின்னு பேசுவாரு" என்றேன்.

"அவருக்கு ஒரு சொல்லு இருக்கு. எனக்கு ஒண்ணு இருக்கக் கூடாதா தம்பி?" என்றார். "இந்த வாசல்ல வந்து வான்னு சொல்லட்டும். ஒல வச்சது வச்சபடி கெடக்கட்டும்னு வாரேன். எம்மகளும் அதுவரைக்கும் இந்த எல்லையத் தாண்ட மாட்டா."

பந்தயத்தில் யார் ஜெயித்தார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு கல்லூரிப் பையன். நான் கடைசியிலிருந்து மூன்றாவது. இவர் எத்தனையாவது என்று அவரே கேட்டுக்கொள்ளவில்லை. மைதானத்தில் ஒரு ஓரமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பாதத்தில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முன்பல்லு ரெண்டும் விழுந்திருக்கு மாப்ள" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சங்கம் மறுபடி ஓட்டம் வைக்கவில்லை. இவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் தனியாக அந்தச் சாலையில் ஓடினார். மில்லில் அவருக்குப் பைத்தியம் என்றார்கள். முதல் ஞாயிறே பிள்ளை பாலத்தில் வந்து நின்றதாம்; யாரென்று அம்மாதான் சொல்லியிருக்க வேண்டும். இவர் ஊருக்குள் நுழைந்ததும் அதுவும் கூட ஓடியது. புளியமரம் வந்ததும் அது நின்றுவிடும், இவர் போய்விடுவார். திரும்பி வரும்போது மரத்திலிருந்து பாலம் வரை இன்னொரு தடவை. அந்த ஒரு பர்லாங்கில் மூச்சு வாங்கிக்கொண்டே பேசிக்கொள்வார்கள். என்ன வகுப்பு, என்ன சாப்பிட்டாய், டீச்சர் அடித்தாரா, எல்லாம் ஓட்டத்தில்தான். திங்கட்கிழமை எங்களிடம் வந்து ஒவ்வொன்றாகச் சொல்வார். டீக்கடைக்கு எதிரே பாலக்கட்டையில் உட்கார்ந்து, லாரிச் சத்தத்துக்கு மேலே சத்தம் போட்டுச் சொல்வார். அந்தக் கதையைக் கேட்பதற்காகவே நாங்கள் இரண்டு பேர் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து போக ஆரம்பித்தோம்.

பிள்ளை பெரியவளானாள். சீர்வரிசைத் தட்டுகளைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இறக்கி வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். ஊர்க்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதோடு ஓட்டமும் போயிற்று. வயதுக்கு வந்த பெண் சாலையில் ஓடக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவள் வாசலில் நிற்பாள், இவர் ஓடிப்போவார். வேகத்தைக் குறைக்கத் தெரியாதா என்று கேட்டேன். "நான் மெதுவாப் போனா அவ கூட வந்துருவா மாப்ள. வீட்டுல திட்டு விழும்" என்றார். ஒரு வருடம் அப்படிப் போனது. திங்கட்கிழமைகளில் சொல்ல ஒன்றும் இல்லை. "பாத்தேன்" என்பார். அவ்வளவுதான்.

அப்புறம் மில்லில் நூல் ஏற்றிய தள்ளுவண்டி அவர் முழங்காலில் மோதியது. ஓட்டம் முடிந்தது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நொண்டி நொண்டித்தான் நடந்தார். நாங்கள் எல்லோரும், இனியாவது மனுஷன் இறங்கி வருவார், சொன்னதை விடுவார் என்று எதிர்பார்த்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். அவர் சொன்ன சொல் அந்த டவுன் பஸ்ஸோடு சரி; அழகர்கோவில் பஸ்ஸில் போய்ப் பாலத்துக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கினோம். ஊருக்குள் இருக்கிற நிறுத்தத்தில் இறங்கினால் கால் நிற்குமாம்.

பாலத்துக்கு வந்து சேர்ந்தோம். பாவாடை தாவணி கட்டிய ஒரு பெண் அங்கே நின்றாள். அப்பா நொண்டி வருவதைப் பார்த்ததும் அவள் முகம் ஒருமாதிரி ஆனது. ஆனால் அழவில்லை. தூரத்தில் வாசலில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். அவரும் பார்த்தார். ஒரு எட்டு எடுத்து வைத்தவர், பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நடக்குறதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாகப்பா" என்றாள் அந்தப் பெண்.

இரண்டு பேரும் நடந்தார்கள். நான் பின்னால் வந்தேன். ஓடும்போது ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோன அந்தத் தூரம், இப்போது தீராமல் வந்துகொண்டிருந்தது. முதல்முறையாக அவர்கள் மூச்சு வாங்காமல் பேசினார்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதோ சொன்னாள். அவர் கேட்டு முடித்து, யோசித்து, பதில் சொன்னார். அதற்கெல்லாம் அதுவரை நேரம் இருந்ததே இல்லை. அந்த அம்மாவின் வாசலைக் கடக்கும்போது அவர் தலையைக் கவிழ்க்கவில்லை. நன்றாகத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாவும் பார்த்தார். இவர் வாய் லேசாகத் திறந்தது. வா என்ற சொல்லுக்குத்தான் திறந்தது என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அதை வாசலில் நின்றல்லவா சொல்ல வேண்டும். கால் நடந்துகொண்டே இருந்தது.

புளியமரம் நெருங்கியது.

"இன்னும் கொஞ்சம் மெதுவாப்பா" என்றாள்.

அவர் மெதுவாக்கினார். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு பேச்சு முழுதாகப் போயிற்று. பிறகு காலடி ஒரு சாணாக ஆனது, நாலு விரற்கடையாக ஆனது. நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு பின்னால் நின்றேன். குதிகால் தரையைவிட்டு எழுகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்தது. ஒரு நூல் அளவு எழுந்து, ஒரு நூல் முன்னால் போய் விழுந்தது.

"இது போதுமாத்தா?"

"இன்னும் மெதுவா" என்றாள்.